ஹெப்பகோடியில் ஒரு பொட்ஹோடி

நவம்பரிலிருந்து எங்கள் அபார்ட்மெண்ட் பிள்ளைகள் வாயில் ஒரே கோஷம். "ஹெப்பகோடி பொட்ஹோடி! ஹெப்பகோடி பொட்ஹோடி!" லிஃப்டில், கார் நிறுத்துமிடத்தில், ஸ்கூல் வேனில் எங்கும் இதுதான். செக்யூரிட்டி தாத்தா என்னைப் பிடித்து, "ஏன் சார், இது ஏதாவது கெட்ட வார்த்தையா?" என்று கவலையோடு கேட்டார். இல்லை தாத்தா, போலந்து நாட்டு வார்த்தை என்றேன். அவர் 'ஙே' என்று விழித்ததில் நியாயம் இருக்கிறது. இரண்டு மாதம் முன்னால் நானும் அப்படித்தான் விழித்தேன்.

ஹெப்பகோடி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியவுடன். பொட்டி தட்டுபவர்களும் பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்காரர்களும் வாடகை மலிவு என்று குவிந்த ஊர். 2025 ஆகஸ்டில் மஞ்சள் மெட்ரோ வந்ததிலிருந்து அந்த மலிவும் போச்சு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் தமிழ்நாடு. கூப்பிடு தூரம்தான். ஆனால் என் பிள்ளைகள் இரண்டுக்கும் கன்னடம் எழுத வரும், இந்தி எழுத வரும், தமிழ் பேச மட்டும்தான் வரும். தேவகோட்டைக்கு ராத்திரி பஸ் ஏறினால் விடியத்தான் போய்ச் சேரலாம். வருடத்துக்கு இரண்டு தடவை போனால் அதிகம்.

எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இரண்டு வருடமாக ஒரு போலந்துக் குடும்பம். வீட்டுக்காரருக்குத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. அந்த அம்மா வீட்டிலிருந்தே ஏதோ மொழிபெயர்ப்பு செய்கிறார். ஒன்பது வயதில் ஒரு பெண், ஆறு வயதில் ஒரு பையன். என் மூத்தவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஏழு. ஜோடி சேர என்ன தடை? தோசை அங்கே போகும், கசகசாவை அரைத்துச் சுருட்டி வைத்த கேக் இங்கே வரும். (நாம் குருமாவில் ஒரு ஸ்பூன் போடும் கசகசாவை அவர்கள் கிலோ கணக்கில் கேக்கில் வைத்துத் தின்கிறார்கள். தங்கமணிக்கு அந்த விலையை நினைத்தே மயக்கம் வந்தது.)

நவம்பர் 11 போலந்துக்குச் சுதந்திர தினம். 1918-ல் அந்தத் தேதியில்தான் நூற்றிச்சொச்சம் வருடம் வரைபடத்திலேயே இல்லாமல் போயிருந்த நாடு திரும்ப வந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எல்லாம் காட்டுக்குக் கூட்டிப் போய் ஒரு விளையாட்டு வைக்கலாமா, இடம் கிடைக்குமா என்று அந்த அம்மா கேட்டார். விளையாட்டின் பெயர்தான் பொட்ஹோடி. அங்கே சாரணர் முகாம்களில் பரம்பரையாக ஆடுவதாம். ஒரு கூட்டம் முன்னால் போய்க் குச்சியாலும் கல்லாலும் அம்புக்குறி வைத்துக்கொண்டே போகும். அங்கங்கே கடிதம் ஒளித்து வைக்கும். பின்னால் வரும் கூட்டம் குறி பார்த்துத் தேடிக்கொண்டே போய்ப் புதையலைப் பிடிக்க வேண்டும். அம்பு என்றால் இப்படிப் போ. பெருக்கல் குறி என்றால் இந்த வழி இல்லை. கட்டத்துக்குள் ஒரு எண் இருந்தால் அத்தனை அடி தள்ளிக் கடிதம் இருக்கிறது. கடைசியில் ஒரு வட்டம், நடுவே ஒரு புள்ளி. வீட்டுக்குப் போய்விட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

இங்கே காடு என்றால் பன்னேர்கட்டாதான். அது தேசியப் பூங்கா, உள்ளே போய்க் குச்சி அடுக்க எல்லாம் விடமாட்டார்கள். எங்கள் கிளைக்கு வந்து போகும் விவசாயி ஒருவருக்கு ஆனேக்கல் தாண்டி, முத்யாலமடுவு போகும் வழியில் தைலமரத் தோப்பு இருக்கிறது. கேட்டேன். "தாராளமா வாங்க சார். ஆனா ஒன்பது மணிக்கு முன்னாடி வராதீங்க, பன்னெண்டுக்கு மேல நிக்காதீங்க. ராகி முத்தியிருக்கு, யானை இறங்கற சமயம்" என்றார். இதைத் தங்கமணியிடம் பாதி மட்டும் சொன்னேன் :-)

நானும் என்னமோ சாக்லேட் தேடும் விளையாட்டு என்று நினைத்துத்தான் போனேன்.

முதல் கடிதம் இருந்த புதர் முழுக்கப் பஞ்சைப் பிய்த்துப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் இலவம்பஞ்சு என்றார்கள். இல்லை, பனியாம். 1940 பிப்ரவரி 10, நடு ராத்திரி, கதவைத் தட்டும் சத்தம். அந்த அம்மாவின் பாட்டிக்கு அப்போது ஆறு வயது. போலந்தின் கிழக்குப் பகுதியை சோவியத் பிடித்துக்கொண்ட பிறகு, அங்கிருந்த குடும்பங்களை லட்சக்கணக்கில் வாரி ரயிலேற்றி வடக்கேயும் சைபீரியாவுக்கும் அனுப்பினார்கள். அந்த முதல் ரயில்கள் கிளம்பிய நாள் அது. மூட்டை கட்ட அரை மணி நேரம்.

(வங்கிக்காரன் புத்தி எங்கே போகும்! பிப்ரவரி 10 என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. 1937-ல் அதே தேதியில்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். ஒரே நாளில் மூன்று ஊரில் கிளை: காரைக்குடி, சென்னை, ரங்கூன். பதவி உயர்வுத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தது. இந்த ரங்கூன் பின்னால் வருகிறது, பொறுங்கள்.)

அடுத்தது ரயில். பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வாய் பேசாமல் மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டும். எங்கள் சின்னவன் 'கூ' என்று ஊதினான், சிரிப்பில் ரயில் கவிழ்ந்தது. அதற்கடுத்த இடத்தில் ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு கறுப்பு ரொட்டி. அன்றைக்கு அவ்வளவுதான் சாப்பாடு என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஜாம் இல்லையா என்று கேட்டது யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லத் தேவையில்லை. பிறகு ஒரு கிளையில் பேரீச்சம்பழம் கட்டித் தொங்கியது. ஜெர்மனி சோவியத் மேல் பாய்ந்ததும், 1941 ஜூலையில் போலந்துக்காரர்களை விடுவிக்க உடன்பாடு வந்தது. தப்பித்தவர்கள் தெற்கே இறங்கி, 1942-ல் காஸ்பியன் கடலைக் கப்பலில் தாண்டிப் பாரசீகத்துக்கு வந்தார்கள். அங்கே கிடைத்த முதல் இனிப்பு இந்தப் பழம் என்று பாட்டி சொல்வாராம்.

நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கடிதமே இல்லை. ஒரு மரத்தடியில் சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் பேசக்கூடாது, அப்படியே கடந்து போக வேண்டும். என்ன என்று பிறகு தனியாகக் கேட்டேன். பாட்டியின் கடைசித் தங்கை உஸ்பெகிஸ்தானில் டைஃபஸ் காய்ச்சலில் போய்விட்டாள், மூன்று வயது, எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது என்றார். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லவில்லை. ஆனால் வழியிலிருந்து அந்த இடத்தை எடுத்துவிடவும் மனமில்லை என்றார்.

கடைசிப் பெட்டியில் கிரூஃப்கி என்று ஒரு மிட்டாய். பேருக்கு 'குட்டிப் பசுக்கள்' என்று அர்த்தம். வாயில் போட்டால் நம் பால்கோவாவுக்குச் சித்தப்பா மகன். அதோடு ஒரு பழைய போட்டோ: ஓலைத் தட்டி வைத்த நீள வீடு, முன்னால் சாரணர் உடுப்பில் பதிமூன்று வயதுப் பெண். எந்த ஊர் என்று எல்லோரையும் கேட்டார். ஒருவர் சைபீரியா என்றார், ஒருவர் ஈரான் என்றார்.

கோலாப்பூர்! நம் மகாராஷ்டிரத்துக் கோலாப்பூர். அதன் பக்கத்தில் வளிவடே என்ற கிராமத்தில் 1943 முதல் 1948 வரை சுமார் ஐயாயிரம் போலந்துக்காரர்கள், முக்கால்வாசி பெண்களும் குழந்தைகளும், பள்ளிக்கூடம், மாதா கோவில், ஆஸ்பத்திரி, சாரணர் படை எல்லாம் வைத்துக்கொண்டு ஒரு ஊராகவே இருந்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் 1942-லேயே ஜாம்நகர் பக்கம் பாலாசடியில் நவாநகர் மகாராஜா திக்விஜயசிங் பல நூறு குழந்தைகளை ஏற்றுக்கொண்டார். வார்ஸாவில் அவர் பேரில் 'நல்ல மகாராஜா சதுக்கம்' இருக்கிறது. 2024 ஆகஸ்டில் நம் பிரதமர் வார்ஸா போனபோது அங்கேயும், கோலாப்பூர் நினைவுச் சின்னத்திலும் மலர்வளையம் வைத்தார். செய்தியில் பார்த்தேன், சேனலை மாற்றினேன். எதிர் வீட்டுச் சங்கதி என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

பாட்டி போலந்துக்கே திரும்பிப் போனார். சாகும்வரை தண்ணீரைப் 'பாணி' என்றும், கிளம்பலாம் என்பதற்குச் 'சலா' என்றும் சொல்வாராம்.

திரும்பி வரும்போது சந்தாபுரா சிக்னலில் வழக்கம்போல மாட்டிக்கொண்டு நிற்கிறோம். பின் சீட்டிலிருந்து மூத்தவள் கேட்டாள். "அப்பா, நம்ம வீட்டு ஆளுங்க எங்கேர்ந்து நடந்து வந்தாங்க?"

"நாமளா? எஸ்.இ.டி.சி. பஸ்ல வந்தோம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"நிஜமா கேக்கறேன்பா."

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டும். எங்கள் தாத்தா பர்மாவில் இருந்தவர். அது மட்டும் தெரியும். புரோம் என்ற ஊரில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் அடுத்தாளாக இருந்தார். சண்டை வந்ததும் நடந்தே வந்தார். அவ்வளவுதான், இரண்டு வரி. வீட்டில் கறுப்பும் சிவப்புமாக ஒரு வட்ட அரக்குப் பெட்டி உண்டு. அதில் தாத்தா வெற்றிலை வைப்பார். 1991-ல் அவர் போனபோது எனக்குப் பதினொரு வயது. பர்மாவைப் பற்றி ஒரு வார்த்தை அவர் பேசி நான் கேட்டதில்லை. அப்பாவைக் கேட்டிருக்கலாம். ஆணி பிடுங்குகிற மும்முரத்தில் கேட்கவில்லை. இப்போது அப்பாவும் இல்லை. ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து கணக்கை நேர் பண்ணுகிறவன், சொந்தத் தாத்தாவின் கணக்கில் இரண்டு வரிக்கு மேல் எழுத முடியாமல் நிற்கிறேன்.

அன்று ராத்திரி தேவகோட்டைக்கு அத்தைக்குப் போன் போட்டேன். எண்பதைத் தொடுகிறார், குரல் மட்டும் கணீரென்று இருக்கும்.

"என்னய்யா, இந்நேரத்துல? பிள்ளைக சொகந்தானே?"

"சொகந்தான் அத்தை. தாத்தா பர்மாவுல இருந்து எப்பிடி வந்தாருன்னு தெரியணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"இப்ப எதுக்குய்யா அது?"

பேத்தி கேட்கிறாள் என்று சொன்னதும் ஆரம்பித்தார். அவருக்குமே அவருடைய அம்மா, அதாவது எங்கள் அப்பத்தா சொல்லித்தான் தெரியும். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தது. கப்பலில் இடமில்லை. காசுள்ளவர்களுக்கே டிக்கெட் இல்லாதபோது அடுத்தாளுக்கு யார் கொடுப்பார்கள்? 1942 மாசி மாதம் புரோமிலிருந்து ஒரு கூட்டத்தோடு தாத்தா கிளம்பினார். அரக்கான் மலையைத் தாண்டி டவுங்கப் என்ற கடற்கரை ஊர் வரைக்கும் ஏறக்குறைய நூறு மைல் நடை. அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங், பிறகு ரயில். அவர் பட்டணம் வந்து சேர்ந்தது சித்திரையில். வந்து பார்த்தால், ஜப்பான்காரன் இங்கேயும் குண்டு போடுவான் என்று பயந்து பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது.

"தாத்தா மட்டுமாத்தை வந்தாரு?"

"தாத்தா மட்டுந்தான் வந்தாரு" என்றார் அத்தை. "போனது ரெண்டு பேரு."

தாத்தாவுக்கு ஒரு தம்பி. பதினாறு வயது. அதே கிட்டங்கியில் பெட்டியடிப் பையன். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காசு எண்ணிக் கொடுக்கிற வேலை. மலைப்பாதையில் தண்ணீர் கிடையாது. கிடைத்த தண்ணீரும் விஷம், கூட்டத்தில் காலரா. மூன்றாம் நாள் அந்தப் பையனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. தாத்தா ஒரு ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் கூட்டம் கிளம்பியது. கூட்டத்தை விட்டால் வழி தெரியாது. வழிப்பறிக்காரன் வேறு.

"உசுரு அடங்கின பெறகு வந்தாரா, இருக்கும்போதே விட்டுட்டு வந்தாரான்னு எங்கம்மா கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை. நீயும் இனிமே யாருகிட்டயும் கேக்காத" என்றார் அத்தை.

அப்புறம் அந்தப் பையன் பெயரைச் சொன்னார். அது என் அப்பாவின் பெயர். நான் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் என் பெயருக்கு முன்னால் எழுதுகிற இனிஷியல். இங்கே எழுதவில்லை, விட்டுவிடுங்கள். ஆனால் தாத்தா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தம்பி என்று கூப்பிடுவது சாதாரணம், அதனால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

மாசி பிறந்தால் தாத்தா ரோட்டோரம் தண்ணீர்ப்பந்தல் போடுவார். சித்திரை முடியும்வரை இருக்கும். மற்ற ஊர்களில் பங்குனி கடைசியில்தான் பந்தல் போடுவார்கள். எங்கள் தாத்தா ஏறக்குறைய இரண்டு மாதம் முந்திக்கொள்வார், வெயிலே ஏறாதபோது இவருக்கு என்ன அவசரம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பானைக்கு மணல் பரப்பித் தண்ணீர் தெளிப்பது என் வேலை. கோவில் வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனை வைத்தபின் தூக்கம் வரவில்லை. அடுத்த சில வாரம் கிடைத்ததைப் படித்தேன். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா தன் மனைவியோடு நடந்தே வந்ததைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார், 'எனது பர்மா வழிநடைப் பயணம்'. வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய புத்தகம். 1942-ன் முதல் பாதியில் பர்மாவிலிருந்து தரைவழியாக வந்த இந்தியர்கள் நான்கு லட்சம் இருக்கும், ஐந்து லட்சம்கூட இருக்கலாம் என்கிறார்கள். தமிழர், தெலுங்கர், ஒரியர், வங்காளி எல்லோரும். வழியில் விழுந்தவர்களை யாரும் சரியாக எண்ணவில்லை. பல்லாயிரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தமு வழியாக மணிப்பூருக்கு வரும் பாதையில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வழி, நம்மவர்களுக்கு ஒரு வழி என்று பிரித்து விட்டதாக அந்த நாளிலேயே பெரிய கண்டனம் எழுந்தது. சென்னையில் பர்மா பஜார் இருக்கிறது, அத்தோ கிடைக்கிறது. ஆனால் அதெல்லாம் பெரும்பாலும் 1960களில் ராணுவ ஆட்சி வந்த பிறகு கப்பலில் வந்தவர்களுடையது. நடந்து வந்தவர்கள் அவரவர் கிராமத்துக்குப் போய் வாயை மூடிக்கொண்டுவிட்டார்கள்.

1942 கோடையை நினைத்துப் பாருங்கள். வடமேற்கு மூலையில் போலந்துக் குழந்தைகள் லாரியிலும் கப்பலிலும் வந்து இறங்குகிறார்கள். வடகிழக்கு மூலையில் நம்மவர்கள் கால் வீங்கி வந்து சேருகிறார்கள். இரண்டும் ஒரே வருடம், ஒரே நாடு.

பொங்கல் கழிந்த ஞாயிறு எங்கள் முறை. ஊரில் என்றால் காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்புவோம். இங்கே சங்கராந்தி ஒரு நாளோடு சரி, அதனால் ஞாயிறு வரை காத்திருந்தோம். அபார்ட்மெண்டில் ஒன்பது தமிழ்க் குடும்பம். பதினான்கு பிள்ளைகள், அதில் போலந்து இரண்டு. கடிதம் எல்லாம் தமிழில்தான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "ஒண்ணுத்துக்கும் படிக்கத் தெரியாதே, எல்லாம் நடுக்காட்டுல நிக்கும்" என்றாள் தங்கமணி. அதற்கும் வழி கண்டுபிடித்தோம். மூன்றாம் மாடிப் பாட்டியையும், ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த இன்னொரு பாட்டியையும் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மரத்தடியில் உட்கார வைத்துவிட்டோம். கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடிப் போய்ப் பாட்டியிடம் காட்ட வேண்டும். பாட்டி எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுப்பார், பிள்ளை திரும்பப் படித்தால்தான் அடுத்த குறி. மூன்றாம் மாடிப் பாட்டி கண்டிப்பு. 'ழ' வராதவனை மூன்று தடவை சொல்ல வைத்தார். போலந்துப் பெண்ணுக்கு 'ழ' சட்டென்று வந்துவிட்டது, மானம் போயிற்று.

முதல் புதிர் பெட்டியடிப் பையனுடையது. ரூபாய்க்குப் பதினாறு அணா. மூன்று ரூபாய்க்கு எத்தனை அணாவோ அத்தனை அடி கிழக்கே நட. பி.காம். படித்தவன் எழுதிய புதிர் அப்படித்தான் இருக்கும். நாற்பத்தெட்டு அடி எண்ணி நடந்ததில் ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள், ஒவ்வொருவர் கால் ஒவ்வொரு நீளம். இரண்டாவது இடத்தில் விசில் ஊதியவுடன், விரித்து வைத்த பத்துச் சாமானில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அரிசி, போர்வை, கணக்குப் புத்தகம், பழைய மொபைல், தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், இப்படி. முதல் ஆறு பேர் எடுத்தது மொபைலும் சிப்ஸும். போலந்துப் பையன் போர்வையை எடுத்தான். அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான்காவது இடத்துக்குத்தான் நானும் தங்கமணியும் இரண்டு வாரம் சண்டை போட்டோம். குழந்தைகளிடம் சாவைச் சொல்லக்கூடாது என்பது அவள் கட்சி. நானும் மெழுகுவர்த்தியைப் பார்த்தவன்தானே, ஒரு மண்பானையில் தண்ணீர் வைப்போம், மரத்துக்கு ஒரு டம்ளர் ஊற்றிவிட்டு ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போகட்டும், கடிதத்தில் 'தாகம் எடுத்த ஒருவருக்காக' என்று மட்டும் எழுதுவோம் என்று சமாதானம் ஆயிற்று.

அந்தக் கடிதத்தை ஆடு தின்றுவிட்டது.

உண்மையாகத்தான். பானைக்குக் கீழே கல் வைத்து அழுத்தியிருந்தேன், ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் போகும்போது ஏழெட்டு ஆடு பானையைச் சுற்றி நிற்கிறது, ஒன்றின் வாயில் கடைசி மூலை. மேய்க்கிற பையன் கன்னடத்தில் மன்னிப்பு கேட்கிறான். பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டன. பானை இருக்கிறது, மரம் இருக்கிறது, கடிதம் இல்லை. "இங்க என்னப்பா செய்யணும்?" என்கிறாள் மூத்தவள்.

பதினான்கு பேரும் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை.

"உங்க கொள்ளுத் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாரு. அவரு இந்த மாதிரி ஒரு எடத்துல தங்கிட்டாரு" என்றேன்.

"ஏன்?"

"ஒடம்பு சரியில்லை. நடக்க முடியலை."

"அப்ப தாத்தா?"

"நடந்து வந்துட்டாரு."

மூத்தவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தண்ணி குடுத்துட்டு வந்தாரா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன். வேறு என்ன சொல்வது? டம்ளரில் மொண்டு மரத்துக்கு ஊற்றினாள். வரிசையாக எல்லோரும் ஊற்றினார்கள். சின்னவன் அந்த ஆட்டுக்கும் ஒரு டம்ளர் காட்டினான், அது மோந்துவிட்டுப் போயிற்று. எதிர் வீட்டு அம்மா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது, மொழிபெயர்க்கச் சொல்லியும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் பிளாஸ்டிக் தொட்டியில் காகிதக் கப்பல் விட்டது, உண்ணிப் புதரில் சட்டையைக் கிழித்துக்கொண்டது எல்லாம் சொல்லிக்கொண்டு போனால் நீளும். புதையல் அத்தை அனுப்பியது. அந்த வட்ட அரக்குப் பெட்டியே வந்துவிட்டது, தெரிந்தவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பி. உள்ளே மனகோலமும் சீப்புச் சீடையும். இரண்டு நிமிஷத்தில் காலி. பன்னிரண்டு மணிக்குள் அவரைக்காய் உப்புமாவை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, பாட்டிகளையும் நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பெட்டி கிடந்த இடத்தில் யாரோ வட்டம் போட்டு நடுவே கல் வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் அத்தைக்குப் போட்டோ அனுப்பினேன். பேரன் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். அழுவாரோ என்று பயந்தேன்.

"பானைக்கு அடியில மணல் போடலையேய்யா நீ" என்றார்.

போட மறந்துவிட்டேன். அதைவிட, பானையை எடுத்து வரவும் மறந்துவிட்டோம். பத்து நாள் கழித்துத் தோப்புக்காரர் நகைக்கடன் புதுப்பிக்கக் கிளைக்கு வந்தார். "சார், உங்க பானை அங்கேயே இருக்கு. ஆடு மேய்க்கற பையன் தினமும் நெரப்பி வெச்சுக்கறான். அடுத்த தடவை வரப்ப எடுத்துட்டு வரட்டுமா?" என்றார்.

வேண்டாம், இருக்கட்டும் என்றேன். மாசி பிறக்க இன்னும் பதினைந்து நாள் இருந்தது.